அணு வாயுக்களில் ஒளித்துடிப்பைத் தேக்கி மீட்டல்

அணு வாயுக்களில் ஒளியைத் தேக்குதல் என்பது, ஒரு குறுகிய ஒளித்துடிப்பை அணு வாயு ஒன்றினுள் செலுத்தி, அதன் வேகத்தைப் பெருமளவு குறைத்து, அது சுமந்து வந்த தகவலைச் சிறிது நேரம் அணுக்களில் பதித்து வைத்து, வேண்டும்போது அதே வடிவில் மீண்டும் ஒளியாக வெளியே எடுக்கும் முறை ஆகும். இது நேரியலற்ற ஒளியியலின் ஒரு பகுதி. 1999ஆம் ஆண்டில் சோடியம் அணுக்களின் முகில் ஒன்றில் ஒளித்துடிப்பின் வேகம் நொடிக்கு 17 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் துடிப்பு முற்றிலும் நிறுத்தப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது.

இச்செய்தி வெளிவந்தபோது ஒளியை உறைய வைத்துவிட்டார்கள் என்றும், ஒளி சிறைப்பட்டது என்றும் பரவலாக எழுதப்பட்டது. இதைப் படிக்கும் மாணவர் மனத்தில், மின்மினியைப் பிடித்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்தது போன்ற ஒரு படம் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் படம் தவறானது. தேங்கியிருக்கும் நேரத்தில் அந்த வாயுவினுள் அந்த ஒளி இருப்பதில்லை. அப்படியானால் அங்கே இருப்பது எது, இல்லாத ஒளி எப்படித் திரும்பி வருகிறது என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தெரிந்திருந்தால் போதும்.

நேரியல், நேரியலற்றது

இரண்டு கைவிளக்குகளின் ஒளிக்கற்றைகளை ஒன்றன் குறுக்கே ஒன்றாகச் செலுத்திப் பாருங்கள். ஒன்றையொன்று கடந்து, எதுவும் நடவாததுபோல் தத்தம் வழியே சென்றுவிடும். காற்றிலும் நீரிலும் கண்ணாடியிலும் இப்படித்தான். ஓர் ஊடகம் ஒரு கற்றைக்கு அளிக்கும் ஒளிவிலகல் எண், இன்னொரு கற்றை அங்கே இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறாது. மேற்பொருந்துதல் தத்துவம் என்று பாடநூலில் படிப்பது இதைத்தான். இது நேரியல் ஒளியியல்.

ஒரு கற்றையின் இருப்பு மற்றொரு கற்றைக்கு ஊடகம் காட்டும் பண்பையே மாற்றிவிட்டால், அது நேரியலற்ற ஒளியியல். லேசர் 1960இல் வந்த பிறகே இது ஆய்வகத்தில் எளிதாக நிகழ்த்தக்கூடியதாயிற்று. சாதாரண கண்ணாடியில் இவ்விளைவைக் காண மிகச் செறிந்த லேசர் ஒளி வேண்டும். இங்கே நாம் பார்க்கப்போகும் அணு வாயுக்களிலோ மிக மெல்லிய ஒளியே போதும். ஓர் ஒளியைக் கொண்டு மற்றோர் ஒளியைத் திறக்கவும் மூடவும் முடிவது இதனால்தான்.

தன் நிறத்துக்குத் தானே தடை

சோடியம் ஆவி மஞ்சள் நிறத்தில் ஒளிரும் என்பது அனைவரும் அறிந்ததே. அடுப்புச் சுடரில் சமையல் உப்பைத் தூவினால் எழும் மஞ்சள் அதுதான். அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர். பலர் பார்த்திராத இன்னொரு சோதனை உண்டு. சோடியம் விளக்கின் முன்னால், உப்புத் தூவிய சுடர் ஒன்றை வைத்து, பின்னாலுள்ள வெள்ளைத் திரையைப் பார்த்தால், சுடரின் நிழல் கருமையாக விழும். நெருப்புக்கு நிழலா என்று மாணவர்கள் வியந்துபோவார்கள். பள்ளி ஆய்வகத்தில் எளிதாகச் செய்து காட்டக்கூடிய இதை ஆசிரியர்கள் தவறவிடக் கூடாது.

காரணம் இதுதான். விளக்கிலிருந்து வரும் ஃபோட்டானின் ஆற்றல், சோடியம் அணுவின் அடிநிலைக்கும் கிளர்ச்சி நிலைக்கும் உள்ள ஆற்றல் வேறுபாட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. சுடரிலுள்ள அணு அதை உட்கவர்ந்து கிளர்ச்சி நிலைக்குத் தாவுகிறது. சில கோடிகளில் ஒரு பங்கு நொடிக்குள் அதை ஏதோ ஒரு திசையில் உமிழ்ந்துவிடுகிறது. திரையை நோக்கி வந்த ஒளி நாற்புறமும் சிதறிப்போகிறது. கதிரவனின் நிறமாலையில் காணும் கருங்கோடுகளும் இவ்வகை உட்கவர்தலால் வந்தவையே.

அணு வாயு தனக்குரிய அதிர்வெண்ணில் மட்டும் ஒளியோடு மிக வலுவாக வினைபுரிகிறது. அதே அதிர்வெண்ணில்தான் ஒளியை விழுங்கியும் விடுகிறது. விழுங்கப்பட்ட ஒளியின் திசை, கட்டம், துடிப்பின் வடிவம் எல்லாம் தொலைந்துவிடுகின்றன. அந்த வலுவான வினை வேண்டும், ஆனால் விழுங்குதல் கூடாது. இச்சிக்கலை அவிழ்த்ததே இத்துறையின் முதல் வெற்றி.

இரண்டாவது லேசர்

1976இல் இத்தாலியின் பீசா நகரில், அட்ரியானோ கொட்சினியின் குழுவினர் சோடியம் ஆவியில் லேசர் ஒளியைச் செலுத்தியபோது, ஒளிர்ந்துகொண்டிருந்த ஆவியின் நடுவே ஒரு கரிய கோட்டைக் கண்டனர். அவ்விடத்தில் இருந்த அணுக்கள் ஒளியை வாங்கவும் இல்லை, உமிழவும் இல்லை. பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹாரிஸும் அவரது மாணவர்களும் இதன் அடியிலுள்ள தத்துவத்தை வளர்த்தெடுத்தனர். சோவியத் ஒன்றியத்தில் ஓல்கா கொச்சரோவ்ஸ்கயாவும் யாக்கோவ் கானினும் தனியே இதே கருத்தை எட்டியிருந்தனர். 1991இல் ஹாரிஸ் குழு ஸ்ட்ரான்சியம் ஆவியில் இதைச் செய்து காட்டியது. விழும் ஒளியில் ஏறத்தாழ 50 கோடியில் ஒரு பங்கை மட்டுமே விடக்கூடிய அளவுக்கு அந்த ஆவி அடர்த்தியானது. இரண்டாவது லேசர் ஒன்றைப் பாய்ச்சியதும் அதே ஆவி 37 விழுக்காட்டு ஒளியை ஊடுருவ விட்டது. இவ்விளைவுக்கு மின்காந்தத்தால் தூண்டப்பட்ட ஒளிபுகுமை என்று பெயர். பெயர் நீளமானது என்பதால் இனி தூண்டிய ஒளிபுகுமை என்றே குறிப்போம்.

இதற்கு மூன்று ஆற்றல் மட்டங்கள் தேவை. கீழே இரண்டு மட்டங்கள். இரண்டும் அணுவின் அடிநிலையின் நுண்பிரிவுகள், மிக நெருக்கமானவை, அணு நீண்ட நேரம் தங்கக்கூடியவை. மேலே ஒரு கிளர்ச்சி நிலை; அங்கே அணு நிலைத்திருப்பதில்லை. கீழ் மட்டங்களை முதல் மட்டம், இரண்டாம் மட்டம் என்போம். தொடக்கத்தில் எல்லா அணுக்களும் முதல் மட்டத்தில் உள்ளன. தேக்க வேண்டிய சைகைத் துடிப்பு, முதல் மட்டத்தையும் மேல்நிலையையும் இணைக்கும் அதிர்வெண் கொண்டது. கட்டுப்பாட்டு லேசர், இரண்டாம் மட்டத்தையும் மேல்நிலையையும் இணைக்கும் அதிர்வெண் கொண்டது.

இரண்டு ஒளிகளும் சேர்ந்து வரும்போது அணு ஒரு மேற்பொருந்திய நிலையை அடைகிறது: முதல் மட்டம் கொஞ்சம், இரண்டாம் மட்டம் கொஞ்சம். முதல் மட்டத்திலிருந்து மேலே ஏறும் வழியும் இரண்டாம் மட்டத்திலிருந்து மேலே ஏறும் வழியும் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் அமைந்து, அழிவுக் குறுக்கீட்டால் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. ஓர் ஊஞ்சலை இருவர் முன்னும் பின்னும் நின்று ஒரே நேரத்தில் ஒரே வலிமையோடு எதிரெதிராகத் தள்ளினால் ஊஞ்சல் அசைவதில்லை. இருவரும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுபோலவே இரு ஒளிகளும் அணுவைத் தள்ளுகின்றன. அணு மேலே ஏறுவதில்லை. ஏறாததால் உமிழ்வதில்லை, சிதறடிப்பதில்லை. ஒளிராத நிலை என்பதால் இதற்கு இருள்நிலை என்று பெயர். ஆவி கண்ணாடியாகிவிடுகிறது.

இரு ஒளிகளின் அதிர்வெண் வேறுபாடு, இரு கீழ் மட்டங்களின் ஆற்றல் வேறுபாட்டுக்குச் சரியாக ஒத்திருக்க வேண்டும் என்பதே இதன் நிபந்தனை. இதை இரு ஃபோட்டான் ராமன் ஒத்ததிர்வு என்று அழைக்கிறார்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவில், உள்ளே வரும் ஒளிக்கும் வெளியேறும் ஒளிக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாடு மூலக்கூறின் உள் ஆற்றல் இடைவெளியைக் காட்டும். இங்கே அந்த இரண்டு ஒளிகளையும் நாமே தருகிறோம், தத்துவம் அதுவே.

வேகம் ஏன் குறைகிறது

ஒளி தடையின்றிச் செல்வது சரி. மெதுவாக ஏன் செல்ல வேண்டும்? இங்கே இரண்டு வேகங்களைப் பிரித்தறிய வேண்டும். அலையின் ஒரு முகடு நகரும் வேகம் கட்டத் திசைவேகம். சற்றே வேறுபட்ட பல அதிர்வெண்கள் சேர்ந்து உருவாக்கும் துடிப்பின் உச்சி நகரும் வேகம் குழுத் திசைவேகம். கண்ணாடியில் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு என்று சொல்லும்போது முதல் வேகத்தைச் சொல்கிறோம். இக்கட்டுரையில் வரும் வேகங்கள் யாவும் குழுத் திசைவேகங்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிடும் கட்டுரைகளே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

குழுத் திசைவேகத்தைத் தீர்மானிப்பது ஒளிவிலகல் எண்ணின் அளவு அல்ல. அதிர்வெண் மாறும்போது அந்த எண் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே. தூண்டிய ஒளிபுகுமையில், உட்கவர்தலின் நடுவே மிகக் குறுகிய ஒரு சாளரம் திறக்கிறது. உட்கவர்தல் எங்கே திடீரென மாறுகிறதோ அங்கே ஒளிவிலகல் எண்ணும் செங்குத்தாக மாறியாக வேண்டும். இவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சாளரத்தின் நட்டநடுவில் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1 தான், வெற்றிடத்தைப் போல. ஆனால் அதன் சாய்வு மலைச்சுவர் போல் செங்குத்தானது. எனவே முகடுகளின் வேகம் மாறவில்லை, துடிப்பின் வேகம் மட்டும் கோடி மடங்கு குறைகிறது.

கட்டுப்பாட்டு லேசரின் செறிவைக் குறைத்தால் சாளரம் மேலும் குறுகும், சாய்வு மேலும் செங்குத்தாகும், துடிப்பு மேலும் மெதுவாகும். வாயுவின் அடர்த்தியைக் கூட்டினாலும் அப்படியே. ஆக, துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் குமிழ் கட்டுப்பாட்டு லேசரின் செறிவுதான்.

ஐன்ஸ்டைனின் கோட்பாடு இதனால் மீறப்படுவதில்லை. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்பது மாறா எல்லை. அதைத் தாண்டக் கூடாது என்பதே விதி, ஊடகத்தில் குறையக் கூடாது என்பதல்ல.

நொடிக்கு 17 மீட்டர்

டென்மார்க்கின் வெய்லே நகரில் 1959இல் பிறந்த லேனே ஹௌ, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜில் உள்ள ரோலண்ட் நிலையத்தில் இச்சோதனையைச் செய்தார். ஹாரிஸ், சக்கரி டட்டன், சைரஸ் பெஹ்ரூசி ஆகியோர் உடன் பணியாற்றினர். லேசர் ஒளியாலும் பின்னர் ஆவியாதல் முறையாலும் சோடியம் அணுக்களைத் தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினின் கோடியில் சில பங்கு அளவுக்குக் குளிர்வித்து, காந்தப் புலத்தில் தொங்கவிட்டிருந்தனர். அந்த வெப்பநிலையில் அணுக்கள் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளாக மாறுகின்றன. சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் ஒளித்துகள்களுக்காக எழுதிய புள்ளியியலை ஐன்ஸ்டைன் அணுக்களுக்கு விரித்தபோது முன்னறிவித்த நிலை அது.

450 நானோகெல்வினில், 229 மைக்ரோமீட்டர் நீளமுள்ள முகிலைக் கடக்க ஒளித்துடிப்பு 7.05 மைக்ரோ நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 32.5 மீட்டர். வெப்பநிலையை 50 நானோகெல்வினுக்குக் குறைத்து முகில் அடர்ந்தபோது வேகம் 17 மீட்டராயிற்று. மணிக்கு 61 கிலோமீட்டர். பேருந்து ஓடும் வேகம். 1999 பிப்ரவரியில் வெளியான அதே கட்டுரையில் இன்னொரு அளவும் இருந்தது: அந்த முகிலின் நேரியலற்ற ஒளிவிலகல், குளிர்ந்த சீசியம் அணுக்களில் அதற்குமுன் அளக்கப்பட்டதைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு. செய்தித்தாள்கள் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. துறை அறிந்தவர்களுக்கு இரண்டாவது எண்ணும் அதே அளவு முக்கியம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 3 மைக்ரோ நொடி நீடிக்கும் துடிப்பு வெற்றிடத்தில் 900 மீட்டர் நீளமானது. நொடிக்கு 17 மீட்டர் வேகத்தில் அதன் நீளம் 0.05 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. குறுகிய கடைத்தெருவில் நுழையும் வாகன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நுழைந்தது தவழ்கிறது, பின்னால் வருவது இன்னும் நெடுஞ்சாலை வேகத்தில் வருகிறது, வரிசை நெருங்கிப்போகிறது. தெருவை விட்டு வெளியேறும்போது முன்னது முதலில் வேகமெடுக்க, வரிசை பழைய நீளத்துக்கு விரிகிறது. துடிப்பும் அப்படியே சுருங்கி, அப்படியே விரிகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த ஒளி முழுவதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி முகிலுக்குள் அடங்கிவிடுகிறது.

அடங்கிவிடுகிறது என்றேன், ஆனால் நூறு இருநூறு லட்சம் மடங்கு சுருங்கிய ஒளி, அவ்வளவு மடங்கு செறிவாக அல்லவா இருக்க வேண்டும்? கூர்ந்து கவனிக்கும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இது. செறிவு கூடுவதே இல்லை. வாயுவினுள் சைகை ஒளியின் மின்புலம் வெளியே இருந்த அளவே உள்ளது. அப்படியானால் ஆற்றல் எங்கே போயிற்று? பெரும்பகுதி கட்டுப்பாட்டு லேசர் கற்றையில் சேர்ந்து, முகிலைக் கடந்து போய்விட்டது. சைகை ஒளியின் ஃபோட்டான் ஒன்று மறையும்போது, தூண்டு உமிழ்வால் கட்டுப்பாட்டுக் கற்றையில் ஒரு ஃபோட்டான் கூடுகிறது. அணு முதல் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு மாறுகிறது. துடிப்பின் பின்பகுதியில் இதே நிகழ்வு தலைகீழாக நடந்து, கடன் திரும்பி வருகிறது. துடிப்பு மெதுவாக நகர்வதன் பொருளே இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். அதன் பெரும்பகுதி இப்போது ஒளி அல்ல, அணுக்களில் உள்ள மாற்றம்.

நிறுத்துதல்

வேகத்தை நிர்ணயிக்கும் குமிழ் கட்டுப்பாட்டு லேசர் என்றோம். அந்தக் குமிழைச் சுழியம் வரை திருப்பினால்? 2000ஆம் ஆண்டில் மிக்கேல் ஃப்ளைஷ்ஹௌவரும் மிகைல் லூக்கினும் இதற்கான கோட்பாட்டை எழுதினர். வாயுவினுள் செல்வது ஒளி மட்டுமல்ல; ஒளியும் அணுக்களின் மாற்றமும் கலந்த ஒரு கலப்பு. இதற்கு இருள்நிலைப் போலரிட்டான் என்று பெயரிட்டனர். கட்டுப்பாட்டு ஒளி வலுவாக இருந்தால் இக்கலப்பில் ஒளியின் பங்கு மிகுதி, அது விரைந்து செல்லும். வலு குறையக் குறைய அணுக்களின் பங்கு கூடும், வேகம் குறையும். முழுவதும் அணைத்துவிட்டால் ஒளியின் பங்கு சுழி, வேகமும் சுழி. மீண்டும் ஏற்றினால் எல்லாம் திரும்பும்.

2001 ஜனவரியில் இரண்டு குழுக்கள் இதை நிகழ்த்திக் காட்டின. ஹௌவின் குழு, ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான சோடியம் முகிலில் ஒரு மில்லி நொடி வரை துடிப்பைத் தேக்கியது. ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் ரொனால்ட் வால்ஸ்வொர்த், லூக்கின் ஆகியோரின் குழு, 70 முதல் 90 டிகிரி செல்சியசு வரை சூடாக்கிய ரூபிடியம் ஆவியில் அரை மில்லி நொடி வரை தேக்கியது. அரை மில்லி நொடியில் ஒளி வெற்றிடத்தில் 150 கிலோமீட்டர் போயிருக்கும்.

என்னைக் கேட்டால் இரண்டாவது சோதனையே வியப்பு மிக்கது. தேநீர் சூட்டிலுள்ள ஆவியில் ரூபிடியம் அணுக்கள் நொடிக்கு 300 மீட்டருக்கு மேல் பறக்கின்றன. அவை தப்பி ஓடாமல் இருக்க ஹீலியம் வாயுவைக் கலந்திருந்தார்கள். ஹீலியத்தோடு மோதி மோதி அணுக்கள் மெல்லவே இடம்பெயரும். அந்த மோதல்களுக்கு இடையிலும் பதிவு அழியவில்லை. காரணம், பதிவு அணுவின் வேகத்திலோ இடத்திலோ அல்ல, உள்ளே உள்ள தற்சுழற்சி நிலைகளில் இருக்கிறது. ஹீலியத்தின் மோதல் அதை எளிதில் கலைப்பதில்லை.

தேங்கியிருப்பது எது

கட்டுப்பாட்டு லேசர் அணைந்த பின் முகில் இருட்டாகவே இருக்கிறது. ஒரு ஃபோட்டான்கூட அங்கே சுற்றிக்கொண்டிருக்கவில்லை. இருப்பது, முதல் மட்டமும் இரண்டாம் மட்டமும் மேற்பொருந்திய நிலையில் உள்ள அணுக்களின் ஓர் ஒழுங்கு. துடிப்பின் உச்சி இருந்த இடத்து அணுக்களில் இரண்டாம் மட்டத்தின் பங்கு அதிகம், ஓரங்களில் குறைவு. துடிப்பின் வடிவம் இப்படிப் பதிகிறது. அதன் கட்டம், அணுவுக்கு அணு மாறும் மேற்பொருந்தலின் கட்டமாகப் பதிகிறது. இதைத் தற்சுழற்சி அலை என்கிறார்கள்.

விளையாட்டுத் திடலில் உடற்பயிற்சி செய்யும் மாணவர் வரிசையை எண்ணிப் பாருங்கள். முதல் மாணவர் கையைத் தூக்கிய சற்று நேரம் கழித்து அடுத்தவர், பின் அதற்கடுத்தவர். திடீரென நில் என்றால் ஒவ்வொருவர் கையும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும். அந்த வரிசையைப் பார்த்தே அலை எத்திசையில் போய்க்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம். ஒருவரை மட்டும் தனியே பார்த்தால் எதுவும் தெரியாது. இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு. ஆயிரம் ஃபோட்டான்கள் தேங்கினால் ஆயிரம் அணுக்கள் இரண்டாம் மட்டத்துக்கு மாறியிருக்கும். ஆனால் எந்த ஆயிரம் என்று கேட்க முடியாது. லட்சக்கணக்கான அணுக்களும் சேர்ந்தே அந்த ஆயிரத்தைச் சுமக்கின்றன. ஒரே ஒரு ஃபோட்டானைத் தேக்கினாலும் முகில் முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்கிறது.

கட்டுப்பாட்டு லேசரை மீண்டும் ஏற்றியதும், அந்த ஒழுங்கிலிருந்து ஒளி எழுகிறது. இரண்டாம் மட்டத்தில் உள்ள பங்கு முதல் மட்டத்துக்குத் திரும்புகிறது. அதற்கான ஆற்றல் கட்டுப்பாட்டுக் கற்றையிலிருந்து எடுக்கப்பட்டு, சைகை ஒளியாக வெளிவருகிறது. அணுக்கள் அனைத்தும் ஒரே ஒழுங்கில் உமிழ்வதால், அவற்றின் அலைகள் ஒரு திசையில் மட்டும் ஆக்கக் குறுக்கீடு அடைகின்றன. அதுவே பழைய துடிப்பு சென்ற திசை. கட்டுப்பாட்டுக் கற்றையை எதிர்த்திசையில் செலுத்தினால் துடிப்பை வந்த வழியே திருப்பி அனுப்பலாம். வெளிவரும் ஒளி, உள்ளே போன அதே ஒளியா என்று கேட்டால், ஆற்றல் அதே ஆற்றல் அல்ல. தகவல் அதே தகவல்.

சாதாரண உட்கவர்தலில் ஆற்றல் அணுவில் தங்கும், தகவல் அழியும். இங்கே ஆற்றல் போய்விடும், தகவல் தங்கும். தேக்கம் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பது இந்த வேறுபாட்டில்தான் உள்ளது.

உண்மையில் ஒளியே நின்ற சோதனையும் ஒன்று உண்டு. 2003இல் ஹார்வர்டில் பாய்சி, சிப்ரோவ், லூக்கின் ஆகியோர் தேக்கிய பதிவின்மீது இரண்டு கட்டுப்பாட்டுக் கற்றைகளை எதிரெதிராகப் பாய்ச்சினர். எழும் ஒளி இரு பக்கமும் திருப்பி விடப்பட்டு, முன்னேறாமல் ஓரிடத்தில் நின்றது. 2007இல் ஹௌவின் குழு இன்னொரு வேடிக்கை செய்தது. ஒரு செறிபொருளில் பதிந்த துடிப்பு, அணுக்களின் சிறு கூட்டமாக நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மிதந்து, 160 மைக்ரோமீட்டர் தள்ளியிருந்த இரண்டாவது செறிபொருளை அடைந்தது. அங்கே கட்டுப்பாட்டு லேசரைப் பாய்ச்சியதும் ஒளியாக எழுந்தது. முதல் முகிலில் மறைந்த ஒளி, அதைப் பார்த்தே இராத இரண்டாம் முகிலிலிருந்து வந்தது. பதிவு என்பது அணுக்களில் உள்ள ஒழுங்குதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எவ்வளவு நேரம்

பதிவு மெல்ல அழியும். அண்மையிலுள்ள மின்கம்பி முதல் பூமி வரை எதன் காந்தப் புலமும் முகிலின் ஒரு முனையில் கூடுதலாகவும் மறுமுனையில் குறைவாகவும் இருந்தால், அணுக்களின் கட்டங்கள் வெவ்வேறு விரைவில் சுழன்று ஒழுங்கு குலையும். அணுக்கள் இடம் மாறினாலும் குலையும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சைகை ஒளியும் கட்டுப்பாட்டு ஒளியும் ஒரே திசையில் சென்றால், தற்சுழற்சி அலையின் அலைநீளம் மிகப் பெரியது. சோடியத்தின் இரு நுண்பிரிவுகளுக்கு அது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அணு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பெரிய கேடில்லை. எதிரெதிராகச் சென்றால் அலைநீளம் மைக்ரோமீட்டருக்கும் குறைவு. சிறு நகர்வும் பதிவைத் துடைத்துவிடும்.

ஹௌவின் குழு 2009இல் ஒன்றரை நொடியை எட்டியது. 2013இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்ஸ் குஸ்மிச்சின் குழு, ரூபிடியம் அணுக்களை லேசர் ஒளியாலான பின்னலில் முட்டைத் தட்டில் முட்டைகளைப் போல அசையாமல் நிறுத்தி, 16 நொடி ஆயுள் கொண்ட பதிவைப் பெற்றது. வாயுக்களை விட்டுப் படிகங்களுக்குப் போனால் நேரம் இன்னும் நீளும்: ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 2013இல் ஒரு நிமிடம், சீனாவின் ஹெஃபெய் நகரில் 2021இல் ஒரு மணி நேரம்.

நேரம் மட்டும் போதாது. உள்ளே போனதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதும் வேண்டும். சாளரம் குறுகியது என்பதால் துடிப்பு மிகக் குறுகியதாக இருக்க முடியாது. நீளமான துடிப்போ முகிலுக்குள் முழுவதும் அடங்காமல், பின்பகுதி நுழையும் முன்பே முன்பகுதி வெளியேறிவிடும். தொடக்கச் சோதனைகளில் துடிப்பின் கணிசமான பகுதி இப்படி நழுவிப்போயிற்று. அடர்த்தியைக் கூட்டுவதே மருந்து. கூட்டினால் வேறு தொல்லைகள் முளைக்கும். ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆய்வாளர்கள், காந்தப் புலத்தை வேண்டுமென்றே சாய்வாக அமைத்துப் பின் தலைகீழாக்கும் வேறொரு முறையால், 2011இல் சூடான ரூபிடியம் ஆவியிலிருந்து 87 விழுக்காடு ஒளியை மீட்டனர்.

எதற்காக இவ்வளவு பாடு

ஒலியையும் படத்தையும் கணினியில் சேமிக்க ஆயிரம் வழி உண்டு. அதற்கு இது தேவையில்லை. தேவைப்படுவது ஒற்றை ஃபோட்டான்களில் தகவலை அனுப்பும் குவாண்டம் தொலைத்தொடர்புக்கு. கண்ணாடி இழையில் 100 கிலோமீட்டர் சென்றால் நூறு ஃபோட்டான்களில் ஒன்றே எஞ்சும். 1,000 கிலோமீட்டருக்கு, நொடிக்கு 1,000 கோடி ஃபோட்டான்களை அனுப்பினாலும், ஒன்று போய்ச் சேர ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகும். சாதாரணத் தொலைத்தொடர்பில் வழியில் பெருக்கிகளை வைத்துச் சமாளிக்கிறோம். ஒற்றை ஃபோட்டானின் குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்பதை 1982இல் நிறுவிவிட்டார்கள். எனவே பெருக்கி வைக்க வழியில்லை.

பாதையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே பின்னலை ஏற்படுத்தி, பின்னர் துண்டுகளை இணைப்பதே மாற்று வழி. ஒரு துண்டு வெற்றி பெற்று அடுத்த துண்டு இன்னும் வெற்றி பெறாதபோது, முதல் துண்டின் நிலையை யாராவது அழியாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பவர்தான் அணு முகில். அதற்காகவே 2005இல் ஹார்வர்டிலும் ஜார்ஜியாவிலும் ஒற்றை ஃபோட்டான்களை ரூபிடியம் அணுக்களில் தேக்கி மீட்டுக் காட்டினார்கள். அலையின் பதிவுக்குப் பொருந்தும் விளக்கம் ஒற்றைத் துகளுக்கும் பொருந்தியது.

தேக்கிய ஒளியைக் கொண்டு ஃபோட்டான்களை ஒன்றோடொன்று வினைபுரியச் செய்யும் முயற்சியும் நடக்கிறது. இரு கைவிளக்குக் கற்றைகள் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை என்று தொடக்கத்தில் பார்த்தோம். 2012இல் ஹார்வர்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், குளிர்ந்த ரூபிடியத்தில் இரண்டாம் மட்டத்துக்குப் பதிலாக, எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து வெகுதொலைவில் சுற்றும் ரிட்பெர்க் நிலையைப் பயன்படுத்தினர். அத்தகைய அணு ஒன்று தன்னைச் சுற்றிச் சில மைக்ரோமீட்டர் தொலைவுக்கு இன்னோர் அணுவை அந்நிலைக்கு வர விடாது. எனவே ஒரு ஃபோட்டான் மெதுவாகக் கடந்து செல்லும்போது, அதன் அருகே வரும் இரண்டாவது ஃபோட்டானுக்கு மட்டும் முகில் ஒளிபுகாததாகிவிட்டது. ஒரு ஃபோட்டான் இன்னொரு ஃபோட்டானின் பாதையை மூடியது.